இரண்டு மேடைக்கும் ஒரே உபயம்

இலங்கை மலையகத்தில், பசறையில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்து இத்தனை வருடத்தில் கடையே போய்விடும் என்று நான் நினைத்த காலை ஒன்றுதான். கடையைத் திறக்கும் முன்பே செல்வமும் தங்கராஜும் வாசலில் நின்றார்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சிகளின் அமைப்பாளர்கள். மேடை ஏறினால் இருவருக்கும் ஒரே பேச்சு: அந்தக் கட்சி பணக்காரன் காசில் ஓடுகிறது, நம் கட்சி ஏழைகளின் சில்லறையில் ஓடுகிறது.

தப்பு என்னுடையதுதான். நம் தேயிலைத் தோட்டங்களில் கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தாலும் ‘உபயம்’ என்று அவர் பெயரை எழுதிவிடுவோம். டியூப் லைட் கொடுத்தால் லைட்டின் மேலேயே எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்குவோம். என் கடையில் முக்கால்வாசி திருவிழா வேலை. பழைய டிசைனை எடுத்துப் படத்தை மாற்றி, கீழே பில் கட்டியவர் பெயரைப் போடுவது கைப்பழக்கமாகிவிட்டது.

இந்தத் தேர்தலில் இரண்டு கட்சிக்கும் மேடைப் பேனர் அடித்தேன். இரண்டு பில்லையும் கட்டியவர் பதுளையில் அரசாங்க ரோட்டு வேலைகளைக் கொந்தராத்து எடுக்கும் ராமையா முதலாளி. கை தன் வேலையைக் காட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட மைதானத்தில் காலையில் ஒரு கூட்டம், மாலையில் மற்றது. இரண்டு தலைவர்களும் முதலாளிமார் காசைத் திட்டித் தீர்த்தார்கள். இருவர் முதுகுக்குப் பின்னாலும் சாண் உயர எழுத்தில் ‘உபயம்: ராமையா முதலாளி’. சனம் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்து, பேச்சு எடுபடுகிறது என்று நினைத்து மாலைக் கூட்டத்துத் தலைவர் இன்னும் ஒரு மணி நேரம் பேசினாராம்.

கட்சி ஆர்டரும் முதலாளி ஆர்டரும் போனால் கடையை மூடவேண்டியதுதான். திங்கட்கிழமை காலை அவர்களைப் பார்த்துப் பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். செல்வம் என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

“அண்ணே, அடுத்த கூட்டத்துக்கு முன்ன எங்க பேனர்ல அந்தப் பேர ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிடுங்க. அவங்களோடது அப்படியே இருக்கட்டும். சனத்துக்கு உண்மை தெரியணும் இல்லீங்களா?”

தங்கராஜ் மெஷினுக்குப் பின்னால் கூட்டிப்போய் அதையே கேட்டார். ஸ்டிக்கர் காசை முதலாளியிடமே வாங்கிக்கொள்ளச் சொன்னார். எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பயமும் போய்விட்டது. மறைத்தால் இரண்டையும் மறைப்பேன், இல்லாவிட்டால் இரண்டும் அப்படியே இருக்கும் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டையும் மறைக்கலாம் என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

கூட்டம் நடந்த தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பூமணியக்கா, கோயில் பேனர் வாங்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

“மறைச்சுக்கங்க தம்பிகளா, நாங்க போன்ல போட்டோ புடிச்சாச்சு. ரோடு கேட்டு உங்க ரெண்டு பேர் பின்னாடியும் அலைஞ்சோம். இனி நேரா முதலாளிக்கிட்டயே போறோம்.”

சொன்னபடி பத்துப் பெண்கள் பதுளைக்குப் பஸ் ஏறினார்கள். அந்த வாரமே தோட்டப் பாதைக் குழிகளுக்கு இரண்டு லொறி சரளைக்கல் வந்து இறங்கியது. மறுநாள் முதலாளி போன் செய்தார். தொலைந்தோம் என்று எடுத்தேன். அவர் திட்டவில்லை, ஆர்டர் கொடுத்தார்.

“அந்த ரோட்டுக்கு ஒரு பேனர் அடிப்பா. என் பேரப் பெரிசா போடு. இந்த எலெக்‌ஷன்ல நான் குடுத்ததுலயே வெளிய சொல்லக்கூடியது இது ஒண்ணுதான்.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பில் கட்டுபவரிடம் பெயர் போடலாமா என்று கேளுங்கள். காசு எதற்குப் போகிறது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.