பிளாஸ்டிக்குக்குள் போன மலைப்பாதை

காலை ஒன்பது இருபதுக்கு என் மகள் நித்யாவிடமிருந்து போன். "அம்மா... சீக்கிரம் வாயேன்." அவ்வளவுதான். கட்.

அதன்பிறகு எந்த அம்மாவுக்குக் காபி இறங்கும்?

நித்யா ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், பழைய ஆவணங்கள் பிரிவில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். அன்று அவள் தயாரித்த கண்காட்சிக்குத் திறப்பு விழா. சத்திரத்து நோட்டீஸ்கள், தேர்த் திருவிழா அழைப்பிதழ்கள்... எல்லாவற்றுக்கும் நடுவில், கிரிவலப் பாதையைக் கையால் வரைந்த ஒரு பழைய படம். அடி அண்ணாமலையில் விவசாயம் பார்க்கும் தேவகியம்மா வீட்டுச் சொத்து அது. தரவே மாட்டேன் என்றவரிடம் வாராவாரம் போய் உட்கார்ந்து, "வாங்கின மாதிரியே திருப்பிக் குடுக்கறேங்க" என்று வாக்குக் கொடுத்து வாங்கி வந்திருந்தாள்.

பௌர்ணமிக் கூட்டம். செங்கம் ரோட்டில் ஆட்டோ நகரவில்லை. விபத்தா, மயக்கமா, வேலை போய்விட்டதா — என் புத்தி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

போய்ப் பார்த்தால், ஹால் முழுக்கச் சூடான பிளாஸ்டிக் வாசனை. மேஜைமேல் லேமினேஷன் மெஷின். பக்கத்தில் கண்காட்சிக் காகிதங்கள் அத்தனையும் பளபளவென்று! சுவரோரம் நித்யா. அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஜாஸ்தி டென்ஷன் ஆவாதீங்க மேடம்," என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர் என்னிடம். "வர்றவங்க எல்லாம் கை வெப்பாங்க. கண்ணாடிப் பெட்டி வாங்க பட்ஜெட் இல்ல. இது செலவும் கம்மி, சேஃப்டியும் கூட."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலயே சார்! இனிமே பிரிச்சா பேப்பரும் சேந்து கிழிஞ்சிடும்," என்றாள் நித்யா.

"எதுக்குமா பிரிக்கணும்?"

நித்யா கிரிவலப் படத்தை என் பக்கம் நகர்த்தினாள். சூட்டில் படத்தின் பச்சை பழுப்பாகியிருந்தது. மடிப்பு வழியே மலை இரண்டாகப் பிளந்திருந்தது.

ரேஷன் கார்டு, மார்க் ஷீட், தாத்தா போட்டோ... கையில் கிடைத்ததை எல்லாம் லேமினேட் செய்கிறவர்கள் நாம். ஒன்றைப் பத்திரப்படுத்துவது என்றால் முதலில் அதன் மூச்சை அடைக்க வேண்டும் போலிருக்கிறது. பிள்ளைகளையும் அப்படித்தானே வளர்க்கிறோம்?

சிறப்பு விருந்தினர் வந்தார். "எவ்ளோ நீட்டா இருக்கு! யாரோட ஐடியா?" கண்காணிப்பாளர் என் மகளை முன்னால் தள்ளிவிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். நித்யா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் டிபன் சாப்பிடப் போன பிறகுதான் தேவகியம்மா வந்தார். பஸ் கிடைக்கவில்லையாம். பட்டுப்புடவை கட்டியிருந்தார் — தன் வீட்டுப் படத்தை ஊரே பார்க்கப்போகிறதே! பிளாஸ்டிக் மேல் விரலால் தடவினார். ஓரத்தில் நகத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தார். பிறகு நித்யாவின் தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தார்.

"மழ பெஞ்சா ஒழுகற வூடு எங்குளுது. அங்க இத்தினி வருசம் நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா... உங்கிட்ட ஒரு மாசம் இருக்கலியே."