கடுவனுக்கு நல்ல நாள்

“சோதினை பாஸ் பண்ணினால் பூனையின்ரை குணமும் விளங்குமோ, ரீச்சர்?” என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்துப் பரீட்சை எழுதி ஆசிரியையானவள் நான்; கேள்வி சுட்டது. தொண்டைமானாற்றில் அவர் வீட்டு அறையொன்றில் வாடகைக்கு இருந்தேன். கடற்கரையில் கிடைத்த பூனைக்குட்டியொன்றைக் கொண்டுவந்து, அறைக்குள்ளேயே வைத்து வளர்த்தேன்.

அம்மா ஒல்லியானவர். அவருடைய வெள்ளைச் சேலையின் மடிப்பு கலைந்து நான் கண்டதில்லை. பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டார். மடியில் கிடக்கும் கிழட்டுக் கடுவன் பூனையைத்தான் பார்ப்பார்.

“குட்டியை எப்ப வெளியிலை விடலாம், அம்மா?”

“வெள்ளிக்கிழமை நல்ல நாள். அண்டைக்கு விடும்.” கடுவனின் காதைத் தடவினார். “முந்தி இருந்த ரீச்சரும் வெள்ளியிலைதான் தன்ரை குட்டியை விட்டவ. அது கிணத்தடியிலை செத்துக் கிடந்தது. என்ன செய்யிறது, என்ரை ராசாவுக்குப் பிடிக்கேல்லை.”

அறைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை. பருப்புச் சோற்றைத் தொடாத கடுவன், அன்று முழுவதும் பசியில் உறுமிக்கொண்டு திரியும்.

அம்மா அதை யோசிக்கவில்லையா, யோசித்துத்தான் சொன்னாரா? அந்த அமைதியான முகத்திலிருந்து இன்றுவரை என்னால் ஒன்றும் அறிய முடியவில்லை.

வெள்ளி காலையில், “இண்டைக்குக் குட்டியை விடுமன், ரீச்சர்,” என்றார், கடுவனைப் பார்த்தபடி.

“ஓம், அம்மா,” என்றேன்.

முதல்நாள் மத்தியானமே, அவர் நித்திரையாயிருக்க, மீன்தலை தின்று வயிறு நிறைந்து கிடந்த கடுவனின் முன்னால் குட்டியை நான் விட்டுவிட்டிருந்தேன்.