ஏரல் மொட்டைமாடியில் மழை இல்லை

டென்மார்க்குக்கு வந்த பிறகு, மகளின் துணிகளை எப்போது துவைப்பது என்பதை என் போன்தான் முடிவு செய்கிறது. கடலில் நிற்கும் காற்றாலைகள் நன்றாகச் சுற்றும்போது அதில் ஒரு வட்டம் பச்சையாகும். காற்று ஓய்ந்து, எங்கோ கரியையோ எரிவாயுவையோ எரித்து மின்சாரம் எடுக்க நேர்ந்தால் சிவப்பாகும். பச்சையில் துவைத்தால் பூமிக்கு நல்லது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை; ஆனால் சொன்னதைச் செய்தே எனக்குப் பழக்கம். இந்தக் கார்த்திகையில் தொடர்ந்து சில நாள் காற்றே இல்லை. மாற்றுத் துணி தீர்ந்து, பத்து மாதக் குழந்தைக்கு என் துப்பட்டாவைச் சுற்றிவிட்டுப் பச்சைக்குக் காத்திருந்தேன். மாடிப்படியில் பார்த்த கீழ்வீட்டு கிர்ஸ்டன், "உங்கள் நாட்டு உடையா? அழகாக இருக்கிறது" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

காற்றாலை எனக்குப் புதிதல்ல. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆடிக் காற்றில் அவை சுற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கும்போதே மோட்டாரைப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் ஊரில் நான் கற்ற ஒரே மின்சாரக் கொள்கை. அந்த ஞாபகத்தில் ஒருநாள் இங்கே சிவப்பு நேரத்தில் துவைத்துவிட்டேன். மறுநாள் எங்கள் ஊர் ஏரலில் காலமில்லாத காலத்தில் மழை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கணவர் பொறுமையாக விளக்கினார். கொஞ்சம் இருக்கலாம் என்றே இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

ஏரலில் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, பஜாரில் அப்பாவின் பாத்திரக்கடை. முன்பொரு மார்கழியில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது இருவரும் மாடியில் நின்று தப்பித்தார்கள். போன் வேலை செய்யவில்லை. இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் ஒரு பருவத்து மழை ஒரே மூச்சில் கொட்டுகிறது. அதனால் போன தடவை ஊருக்குப் போனபோது கணவர் எங்கள் மொட்டைமாடியில் ஒரு மழைமானி பொருத்தினார். மேலே ஒரு புனல், உள்ளே ஒரு சிம். விழுகிற மழையை அளந்து என் போனுக்கு அனுப்பிவிடும். மேற்கே மலையடிவாரத்து ஆழ்வார்குறிச்சியில் என் கல்லூரித் தோழி செல்வியின் மாடியிலும் அதேபோல ஒன்று உண்டு. இன்னும் சில ஊர்க்காரர்களும் சேர்ந்து எல்லா அளவுகளையும் ஒரே வரைபடத்தில் போடுகிறோம். மேற்கே கொட்டினால், கீழே ஆற்றோரம் இருப்பவர்கள் ரோட்டில் தண்ணீர் ஏறுமுன் கிளம்பிவிடலாம்.

காற்றில்லாத அந்த நாட்களில் ஒரு காலை, ஆழ்வார்குறிச்சியின் எண் மளமளவென்று ஏறியது. 'வீடு' என்று நான் பெயரிட்ட புள்ளியில் மட்டும் பூஜ்யம். நிம்மதியாகக் காபி குடித்தேன். செல்விக்கு அனுதாபமாக ஒரு செய்தியும் அனுப்பினேன். பிறகு வழக்கம்போல் சந்தேகம் வந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இவ்வளவு சத்தம்?"

"மழை தாயி. விடியக்காலையிலேருந்து ஊத்துது."

"மிஷின் பூஜ்யம்னுலா காட்டுது?"

"மிஷினுக்கு ஒரு கொறையும் இல்ல. ஒரு சொட்டு மேல படல. பிளாஸ்டிக் வாளியக் கவுத்து, மேல செங்கல் வச்சிருக்கேன்லா."

போனில் அந்தப் பூஜ்யத்தை மறுபடி பார்த்தேன். அம்மாவே தொடர்ந்தாள்.

"மாப்ள வாங்கித் தந்த சாமான். நனைஞ்சு கெட்டுப்போனா அவுக மூஞ்சில எப்படி முழிக்க?"

அம்மா வீட்டில் டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. கிரைண்டருக்குப் பூப்போட்ட சட்டை உண்டு. நான்தான் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஏட்டி, மழைய அளக்க வந்தவன் குடை புடிச்சிக்கிட்டு நிக்கான். நீ அவன நம்பி அங்கன சொகமா இருந்திருக்க."

அப்பா மேலே போய் வாளியை எடுத்தார். எண் ஏறத் தொடங்கி, சற்று நேரத்தில் என் போன் அபாயச் சத்தம் போட்டது. திருநெல்வேலி டவுணில் இருக்கும் சித்தி வீட்டுக்கு உடனே கிளம்பச் சொன்னேன்.

"கடையப் போட்டுட்டா? தண்ணி வந்தா மாடிக்குப் போயிக்கிடலாம். அன்னைக்கும் அப்படித்தான இருந்தோம்," என்றார் அப்பா.

வரைபடத்தை விளக்கினேன். ஆழ்வார்குறிச்சியைச் சொன்னேன். அழுதும் பார்த்தேன். அப்பா அசையவில்லை. அம்மாதான் கவலையோடு கேட்டாள், "தண்ணி மாடி வரைக்கும் வந்துட்டுன்னா மிஷின் என்னத்துக்கு ஆகும்?"

படித்தவள் சொல்லக்கூடிய பதில்கள் எத்தனையோ இருந்தன. "கெட்டுப்போயிரும்மா," என்றேன். "அவருக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்."

"கேட்டீகளா? கடை பூட்டிக் கெடக்கட்டும். மொதல்ல மிஷினக் கழத்திக் குடுங்க. நானும் அதோட போறேன், நீங்க ஆத்தப் பாத்துக்கிட்டு இங்கன கெடங்க."

அப்பா தனியாகக் கிடக்கிற ஆளில்லை. மழைமானி அம்மாவின் மடியில், துண்டு சுற்றி, பஸ்ஸில் டவுணுக்குப் போனது. சாயங்காலம் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. மறுநாள் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் இடுப்பளவு வெள்ளம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதைக் கேட்க அம்மாவும் அப்பாவும் சித்தி வீட்டில் காய்ந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மழைமானியை அம்மா இப்போது சித்தியின் மொட்டைமாடியில் வைத்திருக்கிறாள், வாளி இல்லாமல். பெயரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. டவுணில் பெய்கிற மழை என் போனில் 'வீடு' என்றே பதிவாகிறது. உண்மையான வீட்டில் பெய்ததா என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

நேற்று ஒருவழியாகக் காற்று வந்தது. பச்சையில் எல்லாத் துணியையும் துவைத்துப் போட்டுவிட்டு, மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கிளம்பினேன். வாசலில் கிர்ஸ்டன், "போனையே பார்க்கிறீர்களே, இன்று மழை உண்டா?" என்று கேட்டார். பார்த்தேன். 'வீடு' புள்ளியில் எண் ஏறிக்கொண்டிருந்தது. "பலத்த மழை" என்றேன். அவர் திரும்பிப் போய்க் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் வண்டிக்குப் பிளாஸ்டிக் உறையை இழுத்து மூடிவிட்டுத் தெருவில் இறங்கினேன். இந்த ஊரில் அபூர்வமாக அடிக்கிற வெயில் அதன்மேல் பளபளத்தது.