முடிவாகாத ஆட்டம்

"ட்ரொண்ட்ஹைமிலை தனிய இருந்து படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறாய்? ஒரு கிழமையிலை அழுதுகொண்டு ஓடி வருவாய்," என்றார் மாமா, எங்கள் சோபாவில் இருந்து வடை தின்றபடி. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். நோர்வேஜிய மொழியில் எனக்கு ஆறு. அதற்கு மேல் இந்த நாட்டில் புள்ளி கிடையாது. பொறியியலுக்கு இடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா விடுவாரா என்பதுதான் தெரியாது.

அவர் ஓம் என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். "உஆவ்யுர்ட்" என்பார்.

அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்தவள் நான்தான். நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து ஒரு வருடமும் ஆகாத 1994 கோடையில், அமெரிக்காவில் கால்பந்து உலகக் கிண்ணம் நடந்தது. வர்ணனையைத் தமிழில் சொல்வது என் வேலை. நோர்வேயின் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்ததும் வர்ணனையாளர் "உஆவ்யுர்ட்" என்றார். சமநிலை என்று பொருள். எனக்கு அது தெரியாது. 'உ' என்றால் இல்லை, 'ஆவ்யுர்ட்' என்றால் முடிவானது என்று பிரித்துப் பார்த்து, "இன்னும் முடிவாகேல்லையாம்" என்றேன். அப்பாவும் மாமாவும் தேத்தண்ணி ஆறும்வரை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் செய்தி தொடங்கிவிட்டது.

"என்ன பிள்ளை, ஊரிலை வழக்குத் தீர்க்கிறமாதிரி விதானையாரைக் கூப்பிட்டோ முடிவெடுக்கப் போகினம்?" என்றார் மாமா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முடிவாகாத எல்லாமே உஆவ்யுர்ட். இப்போது என் படிப்பும். அம்மாவுடன் மருத்துவரிடம் போக நான், தங்கையின் பள்ளிக் கூட்டத்துக்கு நான், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தொலைபேசிக்கும் நான். வீட்டின் வாய் நான்தான். வாய் மட்டும் எப்படி வேறு ஊருக்குப் போவது? நாங்கள் இருந்த புருசெத் அடுக்குமாடியின் மின்தூக்கியில் ஏறி இறங்கியே வயதாகிவிடும் என்று பயந்தேன். ட்ரொண்ட்ஹைமில் எங்கள் இருவருக்கும் வீடு பார்த்து வைத்திருந்த வகுப்புத் தோழி, என் பதிலைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருந்தாள்.

நான் பள்ளி முடித்த அந்த 2000ஆம் ஆண்டுக் கோடையில், ஐரோப்பியக் கிண்ணத்தில் இந்தச் சின்ன நாடு ஸ்பெயினையே வென்றது. கடைசி ஆட்டம் ஸ்லோவேனியாவுடன். அதே நேரத்தில் வேறொரு மைதானத்தில் ஸ்பெயினும் யூகோஸ்லாவியாவும் ஆடின. ஸ்பெயின் வெல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்குப் போக எங்களுக்குச் சமநிலையே போதும். நோர்வே வீரர்கள் அந்தச் சமநிலைக்காகவே ஆடியதுபோல் இருந்தது.

"அடியுங்கோவன்ரா!" என்று அப்பா கத்தினார். ஒருவரும் அடிக்கவில்லை. கோல் இல்லாமலே முடிந்தது.

"உஆவ்யுர்ட்?" என்று என்னைப் பார்த்தார்.

"ஓம் அப்பா. இந்தமுறை உண்மையாவே முடிவாகேல்லை. மற்ற மாட்ச் முடியவேணும்."

வீரர்கள் புல்லிலேயே நின்றார்கள். இனி அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பின்தங்கியிருந்த ஸ்பெயின், மேலதிக நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு வென்றது.

"நாங்கள் வெளியிலை," என்றேன்.

"இண்டைக்குத் தோக்கேல்லையே! பிறகென்னெண்டு வெளியிலை?" என்றார் மாமா.

"மற்றவை முடிவெடுக்கட்டுமெண்டு நிண்டவை, மாமா."

அப்பா மெதுவாகத் திரும்பினார். "நீ மாட்சைத்தானே சொல்லுறாய்?"

நான் எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தேன். அவர்கள் இருவருக்கும் கேட்கும்படி, தோழியிடம் வருகிறேன் என்றேன். பெரிய யன்னல் உள்ள அறை எனக்கு என்றும் சொல்லிவைத்தேன்.