கால் பேசிய படிக்கட்டு

உட்கார்ந்தால்தான் மனம் திறக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மனநல ஆலோசகர் ஒருத்தியும் பதினோரு வருடம் அப்படித்தான் நம்பினாள்.

துணி ஆலையில் இஸ்திரி போடும் அக்கா ஒருத்தியை, வேலையில் கவனமில்லை என்று நிர்வாகம் அவளிடம் அனுப்பியது. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று அறிக்கை போனால் அக்காவின் வேலை போய்விடும். மூன்று முறை வந்தும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. ஆலோசகர் அந்த வார்த்தையை எழுதியே விட்டாள்.

அன்று லிஃப்ட் ஓடவில்லை. இருவரும் படியிறங்கினார்கள். பாதி வழியில் அக்கா சுவரைப் பிடித்து நின்றாள்.

“வலிக்குதா அக்கா?”

“பத்து மணி நேரம் நிக்கிற காலு, டாக்டரம்மா. உக்காந்தா முட்டி பிடிச்சுக்கும். எப்படி எந்திரிக்கிறதுங்கிற நினைப்புலயே இருந்தா பேச்சு எங்க வரும்? நீங்க மனசைத்தானே விசாரிச்சீங்க!”

சிரித்துக்கொண்டே அழுதாள். இறந்துபோன மகளைப் பற்றி நின்றபடியே பேசினாள்.

அறிக்கை கிழிந்தது. ‘மகளை இழந்தவர், இஸ்திரி மேசையருகே அவ்வப்போது சாய்ந்துகொள்ள உயரமான ஸ்டூல் வேண்டும்’ என்று புதிய அறிக்கை போனது. வேலை தப்பியது. மந்திரம் மாயம் எதையும் நம்பாத ஆலோசகர், கால்வலி வாயை அடைத்ததைக் கண்ணால் பார்த்ததால், உடலையும் மனதையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சையை முறையாகப் படிக்கப் போனாள்.

உங்கள் கடையில், ஆலையில் நாளெல்லாம் நிற்பவருக்கு நாளைக்கே ஒரு ஸ்டூல் போடுங்கள். பிறகு அவர் மனதை விசாரியுங்கள்.