மஞ்சள் மாத்திரைக்கு என்ன பக்கவிளைவு, அண்ணாச்சி?

மருந்துக்கடை நடத்தும் சகபாவிகளே, டாக்டர் சீட்டோடு வருபவரைச் சமாளித்துவிடலாம், செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வருபவரிடம்தான் நம் தொண்டைத் தண்ணீர் வற்றும். எம். புதுப்பட்டியில் என் கடையில் நான் ஒற்றை ஆள். வீட்டிலும் அப்படித்தான். அதனால் யார் வந்தாலும் கொஞ்சம் கூடவே பேசிவிடுவேன்.

குழம்பும் குப்பியும்

மிளகாய் விவசாயி வேலுச்சாமிக்கு மூட்டுவலி. வீடியோவில் பார்த்த, மஞ்சள் கிழங்கிலிருந்து செய்யும் மஞ்சள் மாத்திரை இரண்டு குப்பி கேட்டார். ஏற்கெனவே மதுவால் ஈரல் கெட்டு மருந்து சாப்பிடுகிறவர். "குழம்பு மஞ்சள் வேற, இது வேற. சத்தை மட்டும் பிரிச்சு, உடம்புல ஏற மிளகுச் சத்தும் சேர்த்திருக்கான். உங்க ஈரலுக்கு ஆகாது, டாக்டரைக் கேட்காம வேண்டாம்" என்றேன்.

வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்: "சரக்கு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க அண்ணாச்சி. எதுக்கு ஈரலை இழுக்கீக?"

பல்லில் ரத்தம்

ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முத்தையா, தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை. இதய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். ஒருநாள் பல் விளக்கினால் ரத்தம் நிற்கவில்லை என்றார். விசாரித்தால், மகள் ஆன்லைனில் மஞ்சள் மாத்திரை வாங்கிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. அது ரத்தத்தை இன்னும் இளக்கலாம். குப்பியோடு டாக்டரிடம் அனுப்பினேன். அவர் அதை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த வாரம் முத்தையா வாசலிலேயே நின்றார்: "ரத்தம் நின்னுருச்சு அண்ணாச்சி. ஆனா மகளுக்குக் கோவம். இனி எல்லா மருந்தும் போன்லயே வருமாம், நீங்க எதுக்கு அங்கன போகணும்ங்கா."

ஸ்டூல் இப்போது அட்டைப்பெட்டி வைக்க உதவுகிறது.

கூட வந்தவர் யார்?

பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் பேச்சியம்மாள், சீசன் முடிந்த கையோடு தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள். கண்ணைப் பார்த்ததும் திடுக்கிட்டேன், அம்புட்டு மஞ்சள். இரண்டு மாதமாக, உடம்பு அசதிக்கு, மஞ்சள் மாத்திரையை வேளைக்கு இரண்டாக விழுங்கியிருக்கிறாள். "மஞ்சள் தின்னா மஞ்சளாத்தானே தெரியும்?" என்றாள்.

கடையைப் பூட்டி, ஆட்டோவில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஈரல் வீங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தி, படுக்கவைத்துப் பார்த்ததில் மெல்லத் தேறினாள். சேர்க்கும்போது நர்ஸ், "கூட வந்தவர் என்ன உறவு?" என்று கேட்டார்.

பேச்சியம்மாள்தான் சொன்னாள்: "மருந்துக்கடை அண்ணாச்சிம்மா. எனக்கும் ஆளில்ல, அவுகளுக்கும் ஆளில்ல. உறவுன்னே எழுதிக்கோங்க."

பேச ஆள் வேண்டும் என்றுதான் தினமும் கடையைத் திறக்கிறேன். வருகிறவர்களை 'இது வேண்டாம்' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவனும் நானேதான்.