சிப்பிக்கல் பதக்கம்

கனடாவிலிருக்கும் என் மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் சின்னக் கல்லொன்றைக் கொடுத்தனுப்பியிருந்தான். சாய்த்தால் சிவப்பு, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பச்சை, ஒரு மூலையில் மட்டும் மயில்கழுத்து நீலம். சாயமில்லை. பல கோடி வருஷங்களுக்கு முன் அவன் இருக்கும் பக்கமெல்லாம் கடலாம். கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட பிராணியொன்று செத்துச் சேற்றில் புதைந்தது. அதன் ஓடு இறுகியதுதான் இந்தக் கல். முத்தில் இருக்கும் அதே பொருள் அந்த ஓட்டிலும் படலம் படலமாக உண்டு. அதில் படும் வெளிச்சம் நிறங்களாகப் பிரிகிறது.

விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இதையெல்லாம் யாருக்காவது சொல்லவேண்டும்போல் இருந்தது. மாத்தளையில் என் வீட்டில் கேட்க ஆளில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு போனவன். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடி, சொந்தங்களும் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

கடைவீதியில் மாணிக்கக்கல் விற்கும் ஹாஜியாரிடம் பதக்கமாகக் கட்டித்தரச் சொன்னேன். லேசில் கீறுப்படும் ஓடு, மேலே பளிங்கு மூடி வைக்கவேண்டும், நாளெடுக்கும் என்றார். அடுத்த சனிக்கிழமை போனபோது, யட்டவத்தவிலிருந்து வந்த தரகர்கள் இருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர்ட மகன் அனுப்பினது. எப்படி உண்டானதெண்டு டீச்சரே சொல்லுவாங்க,” என்றார் ஹாஜியார்.

சொன்னேன். மகனைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். தேத்தண்ணி வந்தது.

பிறகு சனிக்கிழமைதோறும் போனேன். “இன்னும் முடியல்ல டீச்சர்,” என்பார். ஒரு கல்லைக் கட்ட இந்த மனுஷனுக்கு இத்தனை நாளா என்று சிடுசிடுத்தபடி கதிரையில் உட்காருவேன். யாராவது கல்லைப் பற்றிக் கேட்பார்கள். நான் கடலிலிருந்து தொடங்குவேன். மற்ற நாட்களில் என் வீட்டில் வானொலி மட்டுந்தான் பேசும்.

ஒருநாள் அவர் தொழப் போயிருந்தார். கடையிலிருந்த அவர் மனைவி மேசை லாச்சியைத் திறந்து பதக்கத்தை எடுத்து நீட்டினார்.

“இது முடிஞ்சு மாசக்கணக்காச்சே டீச்சர். குடுத்தா நீங்க வரமாட்டீங்கண்டு வெச்சிருக்காரு.”

எனக்கு முகம் சுட்டது. என் தனிமை கடைவீதிவரை தெரிந்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. பதக்கம் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் யாருக்குக் காட்டுவது? தொழுதுவிட்டு வந்த ஹாஜியார், என் கையில் அதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கொக்கி சரியில்லை. திருத்தி வையுங்கோ,” என்று பதக்கத்தை மேசைமேல் வைத்தேன்.

அவர் எடுத்துப் பார்த்தார். கொக்கியில் ஒரு குறையும் இல்லை.

“ஓம் டீச்சர், லூசாத்தான் இருக்கு. வாற சனிக்கிழமை வாங்க,” என்றார்.